சேதுவழி: மண்டபம் முதல் அரிச்சல்முனை வரை

'சுற்றுலா' என்பது நம் மொழிக்கு அண்மையில் வந்து சேர்ந்த சொல். உலா பழையது, ஆனால் அது அரசனும் இறைவனும் வீதியில் வருவது. நாம் ஊர் பார்க்கப் போவதற்கு முன்னோர் வைத்திருந்த சொற்கள் வேறு: செலவு, வழிநடை, யாத்திரை. கரை கடந்து பிழைக்கப் போனால் அதற்குப் பரதேசம் போதல் என்று பெயர். இச்சொற்களில் ஒவ்வொன்றும் போகிறவனின் தேவையைச் சொல்லிவிடுகிறது. சுற்றுலா என்ற சொல்லில் மட்டும் தேவை எதுவும் தெரிவதில்லை. இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே கடலுக்குள் நீளும் அந்த ஒடுங்கிய நிலத்தைப் பற்றி எழுத முற்படும்போது இந்த வேறுபாடு முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனெனில் ஒரே பாதையில் இத்தனை வகைப் பயணிகள் போய்வந்த இடம் தமிழ்நாட்டில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். இராமநாதபுரத்தைக் கடந்து உச்சிப்புளி வரும்போதே இருபுறமும் கடல் நெருங்கத் தொடங்கிவிடும். மண்டபத்தில் நிலம் முடிகிறது. அப்பால் பாம்பன் கால்வாய். அதற்கப்பால் இராமேசுவரம் தீவு. தீவும் கிழக்கில் ஒரு மணல் நாக்காக நீண்டு, தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனையில் முடிகிறது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு, இடையில் மணல் திட்டுகள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இப்பகுதி மீனவர்கள் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். நிலநூல் படித்தவன் ஒரு பத்தியில் விளக்குவதை இரண்டு சொற்களில் முடித்துவிட்ட பெயர்கள் இவை. அரிச்சல்முனையில் நிற்கிறவர் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாலே போதும், பெயரின் பொருத்தம் விளங்கிவிடும்.

கோடியும் சேதுவும்

'கோடி' என்றால் முனை, கடைசி. பாண்டியர்க்குரிய பழைய கோடியைப் பற்றி அகநானூற்றின் 70ஆம் பாடலில் மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் ஓர் உவமை சொல்கிறார். கடல் முழங்கும் அத்துறையில் விழுதுகள் நிறைந்த ஓர் ஆலமரம். அதன் அடியில் இராமன் அருமறை பேசியபோது, மரத்திலிருந்த பறவைகளின் ஒலி அடங்கிப்போனது. தலைவன் மணம்புரிய வந்ததும் ஊரின் அலர் வாய் அடங்கியது அவ்வாறுதான் என்கிறாள் தோழி. அக்கோடி எது என்பதில் உரைகாரர்களிடையேயும் ஆய்வாளர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. என்னை ஈர்ப்பது அந்த வழக்கன்று. இந்தக் கடற்கரை தமிழ்க் கவிதைக்குள் நுழைவதே ஒலி அடங்கிய இடமாகத்தான் என்பதே.

பின்னர் வந்தது சேதுயாத்திரை. சம்பந்தரும் அப்பரும் இராமேசுவரத்தைப் பாடியிருக்கிறார்கள். சோழ, பாண்டிய, இலங்கை அரசர்கள் அனைவருக்கும் இவ்விடத்தின்மீது கண் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் இலங்காபுரன் இராமேசுவரத்தைப் பிடித்துக் குந்துகாலில் கோட்டை கட்டியதைச் சூளவம்சம் சொல்கிறது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தம் காசுகளில் பொறித்த சொல் 'சேது'. கடலுக்கு இப்பால் இராமநாதபுரத்து மறவர் தலைவர்கள் தாங்கிய பட்டம் 'சேதுபதி'. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் இவர்களுக்கு ஏற்பளித்ததன் காரணங்களுள் ஒன்று, யாத்திரிகர்களை வழிப்பறியிலிருந்து காப்பது. வழியைக் காக்கும் வேலையே ஓர் அரசகுலத்தின் பெயரானது. அதே குலத்தார் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியதுதான் இராமநாதசுவாமி கோயிலின் புகழ்பெற்ற மூன்றாம் பிராகாரம்.

சேதுபதிகளும் தஞ்சை மராட்டியரும் இந்த வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோசி மன்னர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர்பெற்றது. தனுஷ்கோடிச் சாலையில் முகுந்தராயர் சத்திரம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. ஒரு வேளைச் சோறும் ஓர் இரவுத் திண்ணையும் கிடைத்த இடங்கள் அவை. பயணத்தின் முறையும் வரையறுக்கப்பட்டிருந்தது. சேதுவில் நீராடி, அங்கிருந்து மணல் எடுத்துக் காசிக்குச் சென்று கங்கையில் கரைத்து, கங்கை நீருடன் திரும்பி வந்து இராமநாதரை முழுக்காட்ட வேண்டும். பயணி எடுத்துச் சென்றது ஒரு கைப்பிடி மணல். அதையும் வேறொரு நீரில் சேர்ப்பிக்கும் கடமையோடு எடுத்துச் சென்றான். இன்று அரிச்சல்முனையிலிருந்து நாம் எடுத்துவருவது சிப்பி மாலை, சங்கு, கைப்பேசிப் படம். விட்டுவருவது நெகிழிப் புட்டி.

படகு மெயில்

1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. நிலம் முடியும் இடத்தில் தண்டவாளமும் முடிந்தது. இலங்கைக்குச் செல்லும் கப்பல் அதுவரை தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவுப் பயணமாகக் கொழும்பை அடைந்துகொண்டிருந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. 2 கி.மீ.க்கும் சற்று நீளம், 145 கண்கள், நடுவில் கப்பல்களுக்கு வழிவிட இரு இறக்கைகளாகத் திறக்கும் தூக்குப் பகுதி. அமெரிக்கப் பொறியியலாளர் ஷெர்சரின் பெயரால் அழைக்கப்படும் அமைப்பு அது. தொழிலாளர்கள் நின்று கையால் நெம்பித் திருப்பித்தான் அந்த இறக்கைகளை உயர்த்தினார்கள்.

சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறைமுகத்தில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு சேர்ந்தார். ஒரே பயணச்சீட்டு. மக்கள் வாயில் அது 'போட் மெயில்'. கப்பல்களுள் கோஷன், இர்வின் ஆகியவை பிற்காலத்தில் பலரும் நினைவில் வைத்திருந்த பெயர்கள். ரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, தேவாலயம், பள்ளி, விடுதிகள் என்று தனுஷ்கோடி ஒரு நகரமாக எழுந்தது. அக்காலத்தில் முதன்மை வழித்தடம் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குத்தான். இராமேசுவரத்துக்குச் சென்றது கிளைப் பாதை. கோயிலூர் கிளையாகவும் துறைமுகம் முதன்மையாகவும் இருந்த ஐம்பது ஆண்டுகள் அவை.

அப்துல் கலாமின் தந்தை யாத்திரிகர்களை இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச்செல்ல ஒரு படகு கட்டியதையும், ஒரு புயல் அதைக் கொண்டுபோனதையும், உலகப்போர்க் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து எறியப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைச் சிறுவன் கலாம் பிடித்துக்கொடுத்ததையும் 'அக்னிச் சிறகுகள்' பதிவு செய்கிறது. ஒரு துறைமுகத்தின் அன்றாடம் வரலாற்று நூல்களைவிட அப்பக்கங்களில் துல்லியமாகத் தெரிகிறது.

சுற்றுலாப் பட்டியலில் இல்லாத மண்டபம்

இனி நாம் வழக்கமாகக் கடந்துபோய்விடும் ஊருக்கு வருகிறேன். மண்டபத்தில் பேருந்து நிற்பதே பாலத்துக்கு முன் தேநீர் குடிக்கத்தான். எங்கள் கல்லூரியிலிருந்து மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போதெல்லாம் பாலம் வந்ததும் ஒரு கூச்சல் எழும். மண்டபம் முகாமைத் தாண்டும்போது யாரும் சன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். இக்கட்டுரையில் பாதி அவளுக்குச் சொன்ன விடைதான்.

இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் கங்காணிகள் வழியாக அழைத்துச் செல்லப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டில் அவர்களுள் பெருந்தொகையினர் இக்கடற்கரையிலிருந்து தோணியில் மன்னார் சென்று, அங்கிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே மாண்டவர் பலர். ரயிலும் கப்பலும் வந்தபின், மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு தடுப்பு முகாமை நடத்தியது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் சில நாட்கள் அங்கே நிறுத்தப்பட்டனர். அம்மைப்பால் குத்தி, நோய்க்குறி இல்லை என்று உறுதியான பிறகே கப்பலுக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு ஒன்று கையில் தரப்படும். அதுவே பயணச்சீட்டு, அதுவே முகவரி, அதுவே கடனின் தொடக்கமும். போட் மெயிலின் முதல் வகுப்பில் ஏறியவரும் தகரத் துண்டு தாங்கியவரும் கடந்தது ஒரே கடல்தான். ஒருவர் கதை பயண இலக்கியமாயிற்று, மற்றவர் கதையைத் தேட வேண்டியிருக்கிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' அக்கரைத் தோட்ட வாழ்வை நம் புனைகதைக்குள் கொண்டுவந்தது. மண்டபம் முகாமை மையமாக வைத்து அதற்கிணையான ஒரு தமிழ் நாவல் எனக்குக் கிட்டவில்லை.

விடுதலைக்குப் பின் 1949 முதல் 1971 வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் மண்டபம் முகாமில் இருந்தது; பின்னர் கொச்சிக்கு மாறியது. அதன் மையம் ஒன்று தொடர்ந்து அங்கே இயங்குகிறது. இந்தியக் கடல் மீன்களைப் பற்றிய நவீன அறிவின் கணிசமான பகுதி அத்தோப்புகளுக்கிடையில் உருவானது.

1964

இந்த வழியின் வரலாற்றில் 1964ஆம் ஆண்டுக்கு இரண்டு நாட்கள் உண்டு. நாம் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

அக்டோபர் 30: சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய ஏறத்தாழ 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வது என்று இரு அரசுகள் எழுதிக்கொண்டன. யாருடைய வாழ்வு பங்கிடப்பட்டதோ அவர்களிடம் கேட்கப்படவில்லை.

டிசம்பர் 22 நள்ளிரவு: இலங்கையைக் கடந்துவந்த கடும் புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த 653 எண் பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் பேரலை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நகரம் நீரில் அமிழ்ந்தது. பாம்பன் பாலத்தின் 126 உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி தப்பியது. அப்பாலத்தை 46 நாட்களில் மீட்டெடுத்த இளம் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வே, தில்லி மெட்ரோ ஆகியவற்றால் நாடறிந்தவரானார். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டது.

இரண்டு மாதங்களுக்குள் நிகழ்ந்த இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒப்பந்தத்தின்படி திரும்பி அனுப்பப்பட்டவர்கள் பிற்பாடு தலைமன்னாரில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியபோது, அவர்களை வாங்கிக்கொண்டது அதே மண்டபம். பாட்டனைத் தகரத் துண்டோடு அனுப்பிவைத்த முகாம், பேரனைக் கடவுச்சீட்டோடு உள்ளே எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அவர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும், பெயரே அறியாத ஊர்களுக்கும் பிரிந்துபோனார்கள். 1980களில் போர் மூண்டு கப்பல் நின்றது. 1983க்குப் பிறகு அலையலையாக வந்த ஏதிலியரின் முதல் தங்கலும் மண்டபமே. 2022 மார்ச் முதல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் உணவுக்கும் எரிபொருளுக்கும் வழியற்றவர்கள் இரவில் படகேறி வந்தார்கள். சிலர் குழந்தைகளுடன் நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, கடலோரக் காவல்படையால் மீட்கப்பட்டார்கள். நாம் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அரிச்சல்முனைக்கு எதிரில் உள்ள திட்டுகள்தாம் அவை.

மீண்டும் எழுந்த ஒலி

புயலுக்குப் பின் அரை நூற்றாண்டுக் காலம் தனுஷ்கோடி ஏறத்தாழ அடங்கிக் கிடந்தது. மீனவர்கள் மட்டும் விடாமல் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். மணலில் தோண்டினால் சில அடியில் நன்னீர் ஊறும். அந்த ஊற்றுகளே அவர்களுடைய குடிநீர். பார்க்க விரும்பியவர்கள் நனைந்த மணலில் தடுமாறும் வாடகை வண்டிகளில் போய்வந்தார்கள். தேவாலயத்தின் பவளக்கல் சுவர், ரயில் நிலையத்தின் வளைவுகள், நீர்த்தொட்டியின் எச்சம் ஆகியவற்றை உப்புக்காற்று மெல்ல அரித்துக்கொண்டிருந்தது.

வழி படிப்படியாகத் திறந்தது. 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கப்பட்டுத் தீவுக்குப் பேருந்து வந்தது. 2017 ஜூலை 27 அன்று, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையான 9.5 கி.மீ. தார்ச்சாலையும் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடமும் ஒரே நாளில் திறக்கப்பட்டன. 1914ஆம் ஆண்டுப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. அதனருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நடுப்பகுதி இறக்கை விரிக்காமல் அப்படியே செங்குத்தாக உயர்கிறது. நெம்புகோல் பிடித்த கைகளுக்கு அங்கே வேலையில்லை.

இவை எல்லாம் நல்லனவே. முதியவர்கள் முனைவரை போக முடிகிறது. சங்கு விற்கும் பெண்ணுக்கும் மீன் வறுக்கும் கடைக்கும் வருவாய் வருகிறது. ஆனால் வழி எளிதாகும்போது இடம் சுருங்கிவிடுகிறது. காலை கோயில், 22 தீர்த்தம், பகல் கலாம், மாலை தனுஷ்கோடி, இரவு ரயில் என்று ஒரு நாளுக்குள் அடங்கிய பட்டியலில் இடிபாடு ஒரு பின்னணித் திரையாகிவிட்டது. நூற்றுக்கணக்கானோர் இறந்த இடத்தில், இறந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் திரும்பிவிட முடிகிறது.

வாழ்பவர்களும் பட்டியலில் இல்லை. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் சுற்றுப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆயின. பவளப்பாறையும் கடற்பசுவும் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாக அத்தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துவந்தவர்கள். காப்பகம் வந்தபின் அவர்களுடைய தொழில் எல்லைமீறலாகிவிட்டது. கண்ணாடி அணிந்து கடலைப் பார்க்க வருகிறவர் விருந்தினர். கண்ணாடி அணிந்து மூழ்குகிறவள் குற்றவாளி. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி எனக்குத் தெரியாது. ஆனால் அங்கு செல்கிறவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று இது.

ஒரு நாள் போதாது

நண்பர்கள் கேட்டால் நான் இரண்டு நாள் திட்டமே சொல்வேன். முதல் நாள் தீவுக்குள் நுழையவே வேண்டாம். இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்கள், திருமங்கையாழ்வார் பாடிய திருப்புல்லாணி, கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கும் தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, சீதக்காதியின் ஊரான கீழக்கரையில், தூணும் போதிகையுமாகக் கோயில் மண்டபத்தைப் போலவே கல்லில் எழுந்த பழைய பள்ளிவாசல். உமறுப்புலவரைத் தாங்கிய வள்ளலின் ஊரைப் பார்க்காமல் சேதுநாட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மாலையில் அரியமான் கடற்கரை. பெண்கடலின் இயல்பு அங்கே தெரியும்.

இரண்டாம் நாள் காலை மண்டபத்தில் தொடங்கலாம். முகாம் மக்கள் வாழும் இடம். வேடிக்கை பார்க்க உள்ளே போவதற்கில்லை, போகவும் கூடாது. சாலையோரம் நின்று, இங்கே என்ன நடந்தது என்று உடன் வந்த பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் சொன்னால் போதும். பிறகு பாலம், பிறகு குந்துகால். பராக்கிரமபாகுவின் படை கோட்டை எழுப்பிய அதே கரையில்தான், மேலைநாடுகளிலிருந்து கொழும்பு வழியாகத் திரும்பிய விவேகானந்தரை 1897 ஜனவரி 26 அன்று பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டார். பிறகு கோயில். 1964 புயலில் நிலைத்துநின்ற கோதண்டராமர் கோயில். கடைசியாகவே தனுஷ்கோடி. அந்த வரிசையில் போகிறவருக்கு அங்குள்ள சுவர்கள் வேறு விதமாகத் தெரியும். ரயில் நிலையத்தின் இடிபாட்டில், ஒரு வாசல் கொழும்புக்கும் மற்றொன்று மலைத்தோட்டத்துக்கும் போனது என்று அவர் அறிந்திருப்பார்.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில்பாதை அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மணலும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும் அந்நிலத்தில் அது வேண்டுமா என்ற கேள்வியைச் சூழலியலாளர் எழுப்பியிருக்கின்றனர். பாதை வரட்டும், வராமல் போகட்டும். அதைவிடச் சிறிய செலவில் ஆகக்கூடிய வேலை ஒன்று உண்டு. மண்டபத்தில், தோட்டத்துக்குப் போனவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், ஏதிலிகளாக வந்தவர்கள் ஆகிய மூவகைப் பயணிகளின் வரலாற்றையும் சொல்லும் ஓர் அருங்காட்சியகம். ஒரு தகரத் துண்டு, ஒரு கப்பற்சீட்டு, ஒரு கடவுச்சீட்டு, ஒரு குடும்ப அட்டை: நான்கு பொருள்கள் வைத்தாலே தொடங்கிவிடலாம். திருப்பி அனுப்பப்பட்ட தலைமுறையின் முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்ய நமக்கிருக்கும் காலம் நீண்டதன்று. வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் உள்ள கல்லூரிகள் இப்பகுதியைச் சுற்றிலும் இருக்கின்றன. அடுத்த கல்விச் சுற்றுலாவை அவ்வேலைக்கே ஒதுக்கலாம்.